அடுத்த ஸ்மாஷில் எத்தனை பேர்? டிரெண்ட்லைனை நம்பலாமா?

கேள்வி இதுதான்: நின்டெண்டோவின் ஃபைட்டிங் கேமான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் வரிசையில் இதுவரை வந்த ஐந்து கேம்களின் கேரக்டர் எண்ணிக்கையை எக்செல்லில் போட்டு டிரெண்ட்லைன் இழுத்த உங்கள் நண்பர், அடுத்த கேமில் 101 பேர் இருப்பார்கள் என்று அடித்துச் சொல்கிறார். ஆர்-ஸ்கொயர் (கோடு புள்ளிகளோடு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் கச்சிதம்) நன்றாக வருகிறது, அதனால் கணக்கு சரி என்பது அவர் வாதம். இது செல்லுமா, புள்ளியியலை வைத்து ஒரு ஃபைட்டிங் கேமின் ரோஸ்டர் (கேரக்டர் பட்டியல்) அளவைக் கணிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும், ஆனால் இந்த வழியில் முடியாது. ரோஸ்டர் அளவு என்பது தானாக வளர்கிற மரம் மாதிரி கிடையாது, அது ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எடுக்கிற முடிவு. அந்த முடிவு எந்தெந்தத் துண்டுகளால் ஆனது என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு போட இடம் இருக்கிறது. மொத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கோடு இழுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும், அதற்கு இதே ஸ்மாஷ் வரிசையிலேயே அருமையான சாட்சி இருக்கிறது.

முதலில் எண்ணுவதைச் சரி செய்துகொள்வோம், ஏனென்றால் இந்த விவாதத்தில் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது. இரண்டாவது கேமான மெலேயில் 25 பேரா 26 பேரா? கேரக்டரைத் தேர்ந்தெடுக்கும் திரையில் செல்டாவும் ஷீக்கும் ஒரே கட்டத்தில் இருப்பதால் கட்டத்தை எண்ணினால் 25, ஆட்களை எண்ணினால் 26. மூன்றாவது கேமான ப்ராலில் இது இன்னும் மோசம்: போக்கிமான் டிரெய்னரின் மூன்று போக்கிமான்கள், செல்டா-ஷீக், சாமஸ்-ஜீரோ சூட் சாமஸ் எல்லாம் சேர்ந்து கட்டக் கணக்கு 35 ஆகவும் ஆள் கணக்கு 39 ஆகவும் நிற்கும். ஒரு கேமுக்குக் கட்டத்தையும் இன்னொரு கேமுக்கு ஆட்களையும் எண்ணி ஒரே பத்தியில் போட்டால் அதற்குமேல் செய்கிற எந்தக் கணக்குக்கும் அர்த்தம் இல்லை. ஐந்தாவது கேமான அல்டிமேட் ஒவ்வொரு ஃபைட்டருக்கும் ஒரு எண் கொடுத்திருப்பதால் (ஏற்கனவே உள்ள ஒருவரின் ஏறக்குறைய நகலான எக்கோ ஃபைட்டர்களுக்கு மட்டும் மூலக் கேரக்டரின் எண்ணோடு எப்சிலான் குறி) ஆள் கணக்கு வசதியாக இருக்கிறது, நான் அதையே வைத்துக்கொள்கிறேன். ஐஸ் கிளைம்பர்ஸ் இருவரும் சேர்ந்து ஒன்று, விளையாடுபவரே உருவாக்கிக்கொள்கிற மீ ஃபைட்டர்கள் மூன்று.

அப்படி எண்ணினால், கேம் கடைக்கு வந்த அன்று இருந்தவர்கள்: 1999-ல் முதல் கேமில் 12, 2001-ல் மெலேயில் 26, 2008-ல் ப்ராலில் 39, 2014-ல் ஸ்மாஷ் 4-ல் 51, 2018-ல் அல்டிமேட்டில் 76. டிஎல்சி (வெளியீட்டுக்குப் பிறகு தரவிறக்கமாக வருகிற கூடுதல் கேரக்டர்கள்) சேர்த்தால் ஸ்மாஷ் 4-ன் எண்ணிக்கை 58 ஆகும், அல்டிமேட் 2021 அக்டோபரில் சோரா வந்ததோடு 89-ல் முடிந்தது. உங்கள் நண்பர் எடுத்தது இந்தக் கடைசிக் கணக்கு: 12, 26, 39, 58, 89. கோட்டின் சாய்வு 18.6, ஆறாவது கேமுக்கு நீட்டினால் 100.6. ஆக அவர் கூட்டல் கழித்தலில் தப்பில்லை.

இப்போது கடிகாரத்தைத் திருப்பி 2017-க்குப் போங்கள். அல்டிமேட் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. கையில் இருப்பது 12, 26, 39, 51 என்ற நான்கு எண்கள். இடைவெளிகளைப் பாருங்கள், 14, 13, 12. இதைவிட நேரான கோடு வேண்டும் என்று கேட்கவே முடியாது. சாய்வு சரியாக 13, எந்தப் புள்ளியும் கோட்டிலிருந்து அரை ஆளுக்கு மேல் விலகவில்லை, ஆர்-ஸ்கொயர் 0.9988. ஐந்தாவது கேமுக்கு நீட்டினால் 64.5. பாடப்புத்தக முறைப்படி 95% கணிப்பு இடைவெளி (உண்மை எண் 95% வாய்ப்போடு விழ வேண்டிய வரம்பு) போட்டால், புள்ளிகள் நாலே நாலு என்பதற்கான அபராதத்தையும் சேர்த்த பிறகே, ஏறத்தாழ 60-லிருந்து 69 வரை வரும். வந்தது 76. இடைவெளிக்கு உள்ளேகூட இல்லை.

இது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், ஏனென்றால் அந்தக் கோடு அதுவரை தோற்கவே இல்லை. முதல் இரண்டு கேம்களை மட்டும் வைத்து மூன்றாவதைக் கணித்திருந்தால் 40 வந்திருக்கும், உண்மை 39. மூன்றை வைத்து நான்காவதைக் கணித்திருந்தால் 52.7, உண்மை 51. இரண்டு முறை அசத்தலாகச் சரியாக வந்துவிட்டு மூன்றாவது முறை 11.5 பேர் வித்தியாசத்தில் விழுகிறது. கேரக்டர் எண்ணிக்கையை நேர்கோட்டில் நகர்த்துகிற விசை என்று எதுவுமே அங்கு இல்லை. நான்கு தனித்தனி முடிவுகள் தற்செயலாக ஒரு கோட்டில் உட்கார்ந்திருந்தன. நான்கு புள்ளிகளும் இரண்டு மாறிலிகளும் இருக்கும்போது ஆர்-ஸ்கொயர் 0.99 என்பது பெரிய சாட்சியம் ஆகாது. மேலே போகிற எந்த நான்கு எண்ணை எடுத்தாலும் அது 0.9-க்கு மேல் வந்து நிற்பது சாதாரணம்.

இன்னொரு சோதனையும் நண்பரிடம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதே ஐந்து எண்களுக்கு நேர்கோட்டுக்குப் பதில் எக்ஸ்பொனென்ஷியல் டிரெண்ட்லைன் போடச் சொல்லுங்கள். 58-ம் 89-ம் முந்தைய எண்ணைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்பதால் அதுவும் பார்க்க அழகாகத்தான் பொருந்தும், ஆனால் ஆறாவது கேமுக்கு 154 பேர் என்று சொல்லும். டிஎல்சி இல்லாத வெளியீட்டு எண்களை எடுத்தால் நேர்கோடே 87 என்கிறது, அதன் 95% இடைவெளி 67 முதல் 106 வரை. அவருடைய 101-க்கும் முறைப்படி இடைவெளி போட்டால் 70 முதல் 131 வரை விரிகிறது. ஒரே தகவலிலிருந்து 87, 101, 154 என்று மூன்று விடை வருகிறது என்றால், விடையைத் தீர்மானிப்பது தகவல் இல்லை, நாம் தேர்ந்தெடுத்த வளைவுதான்.

சரி, அப்புறம் எப்படித்தான் கணிப்பது?

மொத்தத்தை விட்டுவிட்டு வரவு செலவைப் பாருங்கள். ஒரு கேமின் ரோஸ்டர் என்பது முந்தைய ரோஸ்டர், அதிலிருந்து கட் ஆனவர்களைக் கழித்து, முன்பு எப்போதோ கட் ஆகித் திரும்பி வருபவர்களைக் கூட்டி, புதியவர்களைக் கூட்டினால் வருவது. ஸ்மாஷுக்கு இதை எழுதிப் பார்த்தால் கதையே மாறுகிறது. முதல் கேமின் 12 பேரும் மெலேக்கு வந்தார்கள், 14 புதியவர்கள் சேர்ந்து 26. ப்ராலில் 5 பேர் கட், 18 பேர் புதியவர்கள், 39. ஸ்மாஷ் 4-ல் ஐஸ் கிளைம்பர்ஸ், ஸ்னேக், வுல்ஃப், லூகாஸ், ஸ்குவர்ட்டில், ஐவிசார் என்று 6 பேர் கட், டாக்டர் மாரியோ மட்டும் திரும்பி வந்தார், 17 பேர் புதியவர்கள், ஆக 51. பிறகு டிஎல்சியில் மியூடூ, லூகாஸ், ராய் என்ற மூன்று பழையவர்களும் ரியு, கிளவுட், கொரின், பேயோனெட்டா என்ற நான்கு புதியவர்களும். அல்டிமேட்டில் அந்த 58 பேரில் ஒருவர்கூடக் கட் ஆகவில்லை, விட்டுப்போயிருந்த 7 பேரும் திரும்பினார்கள், புதியவர்கள் 11 பேர்தான், அதிலும் 5 பேர் எக்கோ.

12, 26, 39, 51 என்ற வழவழப்பான கோட்டுக்குப் பின்னால் இவ்வளவு மேடு பள்ளம் இருந்திருக்கிறது. புதியவர்கள் 14, 18, 17, 11. தக்கவைத்த விகிதம் 100%, 81%, 85%, மறுபடி 100%. வரவும் செலவும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் மொத்தம் மட்டும் நேராகத் தெரிந்தது.

இந்த முறையும் 2017-ல் நடுமதிப்பாக 65-ஐத்தான் கொடுத்திருக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 58-ல் 83% தங்கினால் 48, அதோடு பதினைந்து பதினாறு புதியவர்கள், திரும்புகிறவர் ஒருவர் இருவர். அப்படியானால் என்ன லாபம்? எந்த நெம்புகோல் எவ்வளவு நகர்த்தும் என்று கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் லாபம். தக்கவைப்பு 100% ஆனால் என்ன ஆகும் என்று ஒரு கட்டத்தை மாற்றிப் பார்த்தால் உடனே எழுபதுகளுக்கு ஏறிவிடும், திரும்பி வரக் காத்திருக்கும் 7 பேரையும் சேர்த்தால் 80-ஐத் தொடும். 60 முதல் 80 வரை என்று நீங்கள் அன்றைக்குச் சொல்லியிருந்தால் 76 அதற்குள் பத்திரமாக விழுந்திருக்கும். நேர்கோடு கொடுத்த 60–69 என்ற இறுக்கமான இடைவெளி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், கோட்டிலிருந்து அன்றுவரை இருந்த சின்னச் சின்ன விலகல்கள்தான் எதிர்காலத்திலும் வரும் என்ற அனுமானத்திலிருந்து. கோடே மாறலாம் என்பதற்கு அதில் இடமே இல்லை.

ஸ்மாஷ் இயக்குநர் மசாஹிரோ சகுராய் 2018 ஜூனில் ஈ3 கேம் கண்காட்சி சமயத்தில் இதுவரை வந்த எல்லோரும் இருக்கிறார்கள் என்று அறிவித்தாரே, அதைப் புள்ளியியல் கண்ணாடி வழியாகப் பார்ப்போம். மெலேயிலிருந்து ப்ராலுக்கும், ப்ராலிலிருந்து ஸ்மாஷ் 4-க்கும் போகும்போது 65 வாய்ப்புகளில் 11 கட், அதாவது தலைக்குச் சுமார் 17%. ஒவ்வொரு கேரக்டருக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டுகிற மாதிரி இதே நிகழ்தகவு என்று வைத்தால், 58 பேரில் ஒருவர்கூடக் கட் ஆகாமல் இருக்கிற வாய்ப்பு சுமார் 47,000-ல் ஒன்று. அப்படிப்பட்ட அதிசயம் நடந்தது என்று நம்புவதைவிட, 58 தனி நாணயங்கள் சுண்டப்படவே இல்லை, ஒரே ஒரு முடிவு எடுக்கப்பட்டது என்று நம்புவது நியாயம். கட் என்பது கேரக்டருக்குக் கேரக்டர் சார்பற்றது என்ற அனுமானம் இங்கே உடைகிறது, இந்தத் துறையில் கணிப்பவர்கள் அதிகம் கோட்டை விடுகிற இடமும் இதுதான்.

புதியவர்கள் 17-லிருந்து 11 ஆகக் குறைந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு கேரக்டர் திரும்பி வருவதும் இலவசம் இல்லை. மாடலைச் சீர்ப்படுத்தணும், அனிமேஷன் பார்க்கணும், மற்ற எல்லோருக்கும் எதிராக பேலன்ஸ் செய்யணும். அந்த உழைப்பு எங்கிருந்தாவது வர வேண்டும், அது புதியவர்களின் பங்கிலிருந்து வந்தது. ஆகவே உங்கள் மாடலில் தக்கவைப்பும் புதியவர் எண்ணிக்கையும் எதிரெதிர்த் திசையில் நகர வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் வைத்து மகிழ்ச்சியான எண் ஒன்றைக் கண்டுபிடிக்கக் கூடாது.

கட் ஆகும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒன்றில்லை என்பதும் முக்கியம். மெலேயின் புதியவர்களில் குளோன் (வேறொரு கேரக்டரின் அசைவுகளைப் பெரும்பாலும் அப்படியே கொண்டவர்) என்று சொல்லப்பட்டவர்கள் ஆறு பேர்: டாக்டர் மாரியோ, பிச்சு, யங் லிங்க், ராய், ஃபால்கோ, கனான்டார்ஃப். இதில் நான்கு பேர் ப்ராலுக்கு வரவில்லை. மெலேயின் மொத்த 26-ல் மீதி 20 பேரில் வராதவர் மியூடூ ஒருவர் மட்டும். 6-ல் 4, 20-ல் 1. இவ்வளவு சிறிய தகவலில் இவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைப்பது அபூர்வம், கேரக்டர் வாரியாக நிகழ்தகவு கொடுக்கும்போது இதைப் பயன்படுத்தாமல் விடாதீர்கள். ஆனால் இதே விதியை ஸ்மாஷ் 4-க்கு அப்படியே கொண்டுபோனால் சறுக்கும். அங்கே ஐஸ் கிளைம்பர்ஸ் விடுபட்டது 3டிஎஸ்ஸின் திறன் போதாததால், அது சகுராயே சொன்ன காரணம். ஒரே வீரராக இரண்டு பேரை ஓட்டுகிற அமைப்பு கையடக்கக் கருவியில் ஓடவில்லை. ஸ்குவர்ட்டிலும் ஐவிசாரும் போய் சாரிசார்டு மட்டும் தங்கியது போக்கிமான் டிரெய்னரின் மாற்றும் முறையே எடுக்கப்பட்டதால். ஒவ்வொரு கேமிலும் கட் ஆவதற்கான காரணமே வேறு.

இனி அடுத்த கேமுக்கு வருவோம். 89 பேரில் 18 பேர் வெளி நிறுவனங்களுக்குச் சொந்தமானவர்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கோனாமிக்கு ஸ்னேக், சைமன், ரிக்டர், கேப்காமுக்கு மெகாமேன், ரியு, கென், சேகா பக்கம் சோனிக், பேயோனெட்டா, ஜோக்கர், ஸ்குவேர் எனிக்ஸுக்கு கிளவுட், செஃபிராத், ஹீரோ, பண்டாய் நாம்கோவுக்கு பேக்-மேன், கசுயா, மைக்ரோசாஃப்டுக்கு பேஞ்சோ, ஸ்டீவ், எஸ்என்கேவின் டெர்ரி, டிஸ்னியின் சோரா. எட்டு நிறுவனங்கள். ஒரு பேச்சுவார்த்தை முறிந்தால் ஒருவர் அல்ல, மூன்று பேர் மொத்தமாகப் போவார்கள். 89 பேருக்கும் தனித்தனி நாணயம் என்று பைனாமியல் கணக்குப் போட்டால், 83% தக்கவைப்புக்கு எதிர்பார்ப்பு 74, திட்ட விலக்கம் வெறும் 3.5 என்று வரும். அந்த 3.5-ஐ நம்பாதீர்கள். கொத்துக் கொத்தாகப் போகிறவர்கள் இருக்கும் இடத்தில் உண்மையான பரவல் அதைவிட நிச்சயமாகப் பெரியது. சிமுலேஷன் எழுதுகிறீர்கள் என்றால் முதலில் நிறுவனத்துக்கு ஒரு நாணயம், அது தேறினால் மட்டும் கேரக்டருக்கு ஒரு நாணயம் என்று இரண்டு அடுக்காக எழுதுங்கள், அப்போதுதான் வால் பகுதி (ஓரத்தில் வருகிற அபூர்வ விளைவுகள்) சரியாக வரும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய கேள்வி இருக்கிறது, அது ஸ்மாஷுக்குள் மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது. மற்ற ஃபைட்டிங் கேம்களைப் பாருங்கள். அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ல் 44 பேர் இருந்தார்கள், அடுத்து 2016-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 வெளியானபோது 16. மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-ல் 56, ஏறக்குறைய பதினொரு வருடம் கழித்து 2011-ல் மூன்றாவது பாகம் 36. அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3 டிஎல்சியோடு 50, அடுத்து 2017-ல் இன்ஃபினிட் 30. கில்ட்டி கியர் எக்ஸ்ஆர்டி கடைசிப் பதிப்பில் 25, அடுத்து 2021-ல் ஸ்ட்ரைவ் 15. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 14 டிஎல்சியோடு 58, அடுத்து 2022-ல் 15-ஆம் பாகம் 39. முந்தைய கேமின் இறுதி எண்ணுக்கும் அடுத்ததன் வெளியீட்டு எண்ணுக்கும் உள்ள விகிதம் 0.36, 0.64, 0.60, 0.60, 0.67. எல்லாமே இறக்கம். டிஎல்சி சேர்ந்து ஊதிப்போன ரோஸ்டருக்கு அடுத்துப் புதிதாக அடித்தளம் போட்டு எழுப்புகிற கேம் சிறிதாகத்தான் தொடங்குகிறது.

காரணம் எளிது. மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-க்கு 56 பேர் எப்படி வந்தார்கள்? கேப்காம் அதற்கு முன்பு வருடக்கணக்கில் வரைந்து வைத்திருந்த ஸ்ப்ரைட்டுகளை (இருபரிமாணக் கேரக்டர் படங்களை)த் திரும்பப் பயன்படுத்தியதால். மூன்றாம் பாகம் முப்பரிமாணத்துக்கு மாறியதும் ஒவ்வொருவரையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. ஸ்மாஷிலும் இதேதான்: ஸ்மாஷ் 4-ம் அல்டிமேட்டும் பண்டாய் நாம்கோவின் அணியோடு செய்யப்பட்டவை, முன்னதன் வேலையில் பெரும்பகுதி பின்னதற்கு உதவியது. எல்லோரையும் கொண்டுவருவது என்ற முடிவு அதனால்தான் சாத்தியமானது. ப்ராலுக்கு அந்த வசதி இல்லை, அது புதிதாகக் கூட்டப்பட்ட அணி.

ஆக அடுத்த ஸ்மாஷுக்கு ஒரு எண் கிடையாது, இரண்டு குன்றுகள் இருக்கின்றன. அல்டிமேட்டின் மேல் கட்டினால், 81% தக்கவைத்து 16 பேர் புதிதாக வந்தாலும் சரி, 100% தக்கவைத்து 10 பேர் வந்தாலும் சரி, 80-களின் தொடக்கத்திலிருந்து 100 வரை, நடுவில் 90 என்பது என் கணக்கு. முதலிலிருந்து கட்டினால், மேலே சொன்ன விகிதங்களை 89-க்குப் போட்டால் 32-லிருந்து 60 வரை, நடுவில் ஐம்பத்தி சொச்சம். முதலாவதற்கு 60%, இரண்டாவதற்கு 40% என்று நான் எடை கொடுப்பேன், இது என் சொந்த மதிப்பீடு, நீங்கள் மாற்றிப் போடலாம். இப்போது இதற்குச் சராசரி எடுத்தால் 75 வருகிறது. அந்த 75 எங்கே விழுகிறது பாருங்கள்: இரண்டு குன்றுகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில். இந்த மாடலில் சராசரி எண் என்பது நடப்பதற்கு மிகவும் வாய்ப்புக் குறைந்த எண்களில் ஒன்று. உங்கள் நண்பர் யாரோடாவது பந்தயம் கட்டியிருந்தால், ஒரே எண்ணைச் சொல்லச் சொல்லாமல் வரம்புகளைச் சொல்லச் சொல்லுங்கள், 61-க்கும் 79-க்கும் இடையில் வராது என்று சொல்வதுகூட ஒரு நல்ல, துணிச்சலான கணிப்புதான். அவருடைய 101, மேல் குன்றின் விளிம்பில் தொங்குகிறது. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஐம்பதைவிட அது வாய்ப்புள்ளது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. டிஎல்சியெல்லாம் வந்து முடிந்த இறுதி எண்ணை அவர் சொல்கிறார் என்றால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். ஸ்மாஷ் 4-க்கு 7, அல்டிமேட்டுக்கு 13 என்று டிஎல்சி சேர்ந்திருக்கிறது.

டிரெய்லர்கள் வரத் தொடங்கிய பிறகு என்ன செய்வது என்றும் சிலர் கேட்பார்கள், குறிப்பாக ஜெர்மன் டாங்கிக் கணக்கைப் போடலாமே என்று. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் கைப்பற்றிய டாங்கிகளின் வரிசை எண்களை வைத்து ஜெர்மனியின் உற்பத்தியைக் கணித்தார்கள். 1942 ஆகஸ்டுக்கு உளவுத்துறை சொன்னது 1,550, வரிசை எண் கணக்கு சொன்னது 327, போருக்குப் பின் ஜெர்மன் ஆவணங்களில் கிடைத்தது 342. சூத்திரமும் சுலபம்: பார்த்ததிலேயே பெரிய எண்ணோடு, அதைப் பார்த்த எண்ணிக்கையால் வகுத்து வந்ததைக் கூட்டி, ஒன்றைக் கழிக்க வேண்டும். ஸ்மாஷ் ஃபைட்டர்களுக்கும் எண் இருக்கிறதே என்று ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்தச் சூத்திரத்தின் உயிர், மாதிரி தற்செயலாக அமைந்தது என்பதில் இருக்கிறது. டாங்கிகள் வரிசை எண் பார்த்துப் பிடிபடவில்லை. அல்டிமேட்டின் எண்களோ வரிசையில் எப்போது அறிமுகமானார்கள் என்பதைப் பொறுத்தவை, புதியவர்களுக்கு இன்க்லிங் 64, ரிட்லி 65, சைமன் 66 என்று அறிவித்த வரிசையிலேயே போயின. பெரிய எண் என்பது கடைசியாக அறிவிக்கப்பட்டவரின் எண், அதற்கு மேல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இந்த இடத்தில் டாங்கிச் சூத்திரம் போட்டுக் கிடைக்கிற எண் வெறும் அலங்காரம்.

அறிவிப்பு வேகத்தை வைத்துக் கணிப்பதும் இதே காரணத்தால் பலவீனம். அல்டிமேட்டுக்கு 2018 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் சைமன், ரிக்டர், க்ரோம், டார்க் சாமஸ், கிங் கே. ரூல் என்று ஐந்து பேர் வந்தார்கள். செப்டம்பரில் இசபெல் மட்டும். நவம்பர் 1 அன்று கென், இன்சினரோர், அதோடு வெளியீட்டுப் பட்டியல் முடிந்தது, பிரானா பிளான்ட் டிஎல்சியாக வரும் என்றார்கள். ஆகஸ்ட் வேகத்தை டிசம்பர் வரை நீட்டியவர்கள் இன்னும் ஒரு டஜன் பேரை எதிர்பார்த்திருப்பார்கள். அறிவிப்புகளின் வேகம் மார்க்கெட்டிங் அட்டவணையைக் காட்டும், ரோஸ்டரைக் காட்டாது.

பயன்படுகிற தகவல் வேறு இடத்தில் இருக்கும். ஒன்று, அமைப்பின் கட்டுப்பாடு. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸில் மூவர் அணிகள் என்பதால் எண்ணிக்கை பெரும்பாலும் மூன்றின் மடங்கில் நிற்கும்: 94 என்ற முதல் பாகத்தில் 8 அணிகள், 24 பேர்; 14-ஆம் பாகத்தில் 16 அணிகள், 48 பேர், கூடவே இரண்டு பாஸ்கள், ஆக 50; 15-ஆம் பாகத்தில் 13 அணிகள், 39 பேர். அங்கே 37 என்று கணிப்பவர் கேமையே பார்க்கவில்லை. ஸ்மாஷில் இவ்வளவு இறுக்கமான கட்டுப்பாடு இல்லை. இரண்டாவது, நிறுவனமே முன்கூட்டிச் சொல்வது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கு 16 என்று கேப்காம் வெளியீட்டுக்கு முன்பே சொல்லிவிட்டது, அந்த நொடியில் எல்லா மாடலையும் மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

ஸ்மாஷுக்கு முதல் டிரெய்லர் வரும் நாளில் நான் எண்ணிக்கையைப் பார்க்க மாட்டேன். முதலில் யார் செய்கிறார்கள் என்று பார்ப்பேன், பண்டாய் நாம்கோ தொடர்கிறதா இல்லையா. பிறகு மாரியோவையும் லிங்கையும் உற்றுப் பார்ப்பேன்: அல்டிமேட்டின் அதே நடை, அதே அடி அனிமேஷன் தெரிந்தால் 60–40 என்பதை 85–15 ஆக்கிவிடுவேன், எல்லாம் புதிதாக இருந்தால் நேர் எதிர்த் திசையில் மாற்றுவேன். அதற்குப் பிறகு வெளி நிறுவனத்தவர்களில் யார் முதலில் தலைகாட்டுகிறார்கள் என்பது. ஸ்னேக் வந்தால் கோனாமியின் மூன்று பேருக்கும் சேர்த்து நிகழ்தகவை ஏற்றலாம், ஸ்டீவ் வந்தால் பேஞ்சோவுக்கும். உங்கள் நண்பரின் ஷீட்டில் டிரெண்ட்லைன் இருக்கிற இடத்தில் 89 வரிசைகள் போட்டு, ஒவ்வொருவர் பக்கத்திலும் உரிமையாளர், குளோனா எக்கோவா, கடைசியாகக் கட் ஆனது எப்போது என்ற மூன்று பத்திகளைச் சேர்க்கச் சொல்லுங்கள், டிரெய்லர் வர வர அதிலேயே திருத்திக்கொண்டு போகலாம்.